கச்சேரி வீட்டுக்குள்ளே வந்த கதை

(தலைப்பு: கர்நாடக இசைக்கு ரசிகர்களை வளர்த்தது சபா மேடையா? வானலையா? 'வானலையே' என்ற அணியில் மூன்றாவது பேச்சு.)

எதிரணியிலே உட்கார்ந்து, 'இந்த அம்மா என்ன பேசிடப் போகுது' என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிற அருமை நண்பர்களே! அரங்கத்திலே இருக்கிற பெரியவர்களே, வீட்டிலே பெட்டிக்கு முன்னாலே காய் நறுக்கிக்கொண்டே கேட்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னாலே பேசின எதிரணி நண்பர் அழகாப் பேசினார். சபா இல்லேன்னா சங்கீதமே இல்லேன்னார். மார்கழி மாசக் குளிர், பட்டுப்புடவை, மேடையிலே தம்புரா, கேன்டீனிலே ரவா தோசை... நடுவர் அவர்களே, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பத்து நிமிஷம் பேசினார். அதிலே ஆறு நிமிஷம் ரவா தோசை. (சிரிப்பு)

நடுவர்: பசி நேரம்மா. அவரை மன்னிச்சுடுங்க.

மன்னிச்சுட்டேன் அய்யா. ஆனா ஒரே ஒரு கேள்வியை மட்டும் வச்சுட்டு மேலே போறேன். சபா எங்கே இருக்கு? மயிலாப்பூரிலே இருக்கு. தி.நகரிலே இருக்கு. மியூசிக் அகாடமி 1928லே ஆரம்பிச்சது. நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா 1928லே திருத்துறைப்பூண்டியிலே இருந்தவனுக்கு, தர்மபுரியிலே இருந்தவனுக்கு, அகாடமி எந்தத் திசையிலே இருக்குன்னாவது தெரியுமா? கோயில் திருவிழாவிலே நாகஸ்வரம் கேட்பான். பணக்காரர் வீட்டுக் கல்யாணத்திலே பந்தலுக்கு வெளியே நின்னு பாட்டுக் கேட்பான். அந்தப் பந்தலுக்கு வெளியே கூட எல்லாரையும் நிற்க விட்டாங்களான்னா, அதுவும் இல்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் சரித்திரத்துக்கு வர்றேன்.

வானொலின்னாலே எல்லாரும் டில்லிக்காரன் கொடுத்ததுன்னு நினைக்கிறோம். இல்லை. நம்ம சென்னையிலே சி.வி. கிருஷ்ணசாமி செட்டின்னு ஒருத்தர். 1924 மே மாசம் 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்'னு ஒண்ணை ஆரம்பிச்சார். ஜூலை மாசம் ஒலிபரப்பும் ஆரம்பிச்சாச்சு. பம்பாயிலே பெரிய கம்பெனி வச்சு ஒலிபரப்பு ஆரம்பிச்சது 1927லே. அதுக்கு மூணு வருஷம் முன்னாலே நம்ம ஊர்க்காரர் நண்பர்களைச் சேர்த்துக்கிட்டு இதைச் செஞ்சிருக்கார். ஆனா கையிலே காசு இல்லை. 1927லே கிளப் படுத்துக்கிச்சு. அப்போ அந்தக் கருவியை என்ன பண்ணினாங்க? சென்னை மாநகராட்சிகிட்டே கொடுத்துட்டாங்க.

குப்பை அள்ளுற மாநகராட்சி, குழாய்த் தண்ணி விடுற மாநகராட்சி, 1930 ஏப்ரல் முதல் தேதியிலே இருந்து ரிப்பன் கட்டடத்திலே உட்கார்ந்துக்கிட்டு சங்கீதம் விட்டுது அய்யா! (கைதட்டல்) ஏப்ரல் முதல் தேதின்னதும் எதிரணியிலே சிரிக்கிறாங்க. நிஜமாத்தான் சொல்றேன். தினம் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் தனியா. கடற்கரையிலே, பூங்காவிலே ஒலிபெருக்கி வச்சாங்க. வேலை முடிஞ்சு காத்து வாங்க வந்தவன், சுண்டல் விக்கிறவன், ரிக்ஷா இழுக்கிறவன், எல்லாரும் மணலிலே உட்கார்ந்து கேட்டான். டிக்கெட் கிடையாது. முன் வரிசை, பின் வரிசை கிடையாது. மணலிலே ஏதய்யா முன் வரிசை?

நடுவர்: சுண்டல் உண்டு. கேன்டீனுக்கும் இதுக்கும் கணக்குச் சரியாப் போச்சு. (சிரிப்பு)

அப்புறம் 1938 ஜூன் 16. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டிலே ஒரு பங்களாவிலே நிலையம். அடுத்த வருஷம், 1939 மே 16, திருச்சி நிலையம். இந்தத் திருச்சி நிலையம் வந்தது இருக்கு பாருங்க, அதுதான் என்னைப் பொறுத்த வரைக்கும் பெரிய காரியம். சென்னை பட்டணத்துக்காரனுக்கு, திருச்சி காவேரிக்கரைக்கு. நாகஸ்வரமும் தவிலும் பிறந்த ஊர்களுக்கு நடுவிலே கொண்டுபோய் ஒரு ஸ்டூடியோவை வச்சாங்க.

அந்தக் காலத்திலே பெரிய வித்துவான்கள் பல பேருக்கு இந்த மெஷின் மேலேயே நம்பிக்கை கிடையாது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளைன்னு ஒரு மகா வித்துவான். லய சிங்கம்னு சொல்வாங்க. 1934லே காலமானார். அவர் குரல் எந்த இசைத்தட்டிலேயும் இல்லை. நேரிலே கேட்டவங்க எழுதி வச்சதைப் படிச்சு, 'அப்படி இருந்திருக்குமோ, இப்படி இருந்திருக்குமோ'ன்னு நாம ஊகிக்கலாம், அவ்வளவுதான். எதிரணி நண்பர்களே, சபா மேடையை மட்டும் நம்பினா என்ன ஆகும்கிறதுக்கு இதை விட என்ன வேணும்? மேடையிலே பாடின பாட்டு மங்களத்தோட முடிஞ்சு போச்சு.

இப்போ எங்க அம்மா கதையைச் சொல்றேன். கதை இல்லை, நடந்தது. எங்க அம்மாவுக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் படிப்பு. வாழ்நாளிலே ஒரு சபா வாசல்படி ஏறினது கிடையாது. அவங்க சின்னப் பொண்ணா இருந்தப்போ தெருவிலே ஒரே ஒரு வீட்டிலே வால்வு ரேடியோ. மரப்பெட்டி, அதுக்கு மேலே பின்னல் போட்ட துணி விரிச்சு, பூ வச்சிருப்பாங்களாம். சாமிக்கு அடுத்தபடி அதுக்குத்தான் மரியாதை. தபாலாபீசிலே வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணும் அதுக்கு. இப்போ இருக்கிற பிள்ளைங்க கிட்டே சொன்னா நம்பமாட்டாங்க. 'என்னம்மா, ரேடியோவா, லாரியா?'ன்னு கேட்பாங்க. அந்த வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து எங்க அம்மா கேட்டிருக்காங்க. இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. அப்போ திண்ணைக்காரங்க தயவு கூடத் தேவைப்படலை.

நடுவர் அவர்களே, எங்க அம்மாவுக்கு நூறு ராகத்துக்கு மேலே தெரியும்.

எப்படித் தெரியும்? குரு கிடையாது. புஸ்தகம் கிடையாது. அறிவிப்பாளர் சொல்லிக் கொடுத்தார். 'அடுத்து வரும் பாடல், ராகம் முகாரி, தாளம் ஆதி, இயற்றியவர் தியாகராஜர்.' இதுதான் எங்க அம்மா படிச்ச சங்கீதக் கல்லூரி! (கைதட்டல்) இந்த விஷயத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சபாவிலே வித்துவான் உட்கார்ந்தார்னா நேரா ஆலாபனை ஆரம்பிச்சுடுவார். இது என்ன ராகம்னு யார் சொன்னது? தெரிஞ்சவனுக்குத் தெரியும். தெரியாதவன் பக்கத்து சீட்டுக்காரனைக் கேட்கணும். அவன் நம்மை ஒரு பார்வை பார்ப்பான் பாருங்க, 'இது கூடத் தெரியாம எதுக்கய்யா உள்ளே வந்தே'ன்னு! (சிரிப்பு) அதிலேயும் பாதிப் பேருக்கு அவங்களுக்கே தெரியாது. நம்மை முறைச்சுட்டு, அடுத்த பக்கத்துக்காரனைக் காதோட காதா, 'காம்போதியா, ஹரிகாம்போதியா'ன்னு கேட்பாங்க.

ரேடியோ முறைக்கலை. தெரியாதவனையும் மதிச்சு, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாலே ராகம், தாளம், இயற்றியவர் பேர் சொல்லிச்சு. தினம் சொல்லிச்சு. முப்பது வருஷம், நாற்பது வருஷம் சொல்லிச்சு. ரசிகன் அப்படித்தான் வளர்ந்தான். 'இசைப் பயிற்சி'ன்னே ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒரு வித்துவான் ஒரு கீர்த்தனையை வரி வரியாப் பாடிக் காட்டுவார், சிஷ்யர் திருப்பிப் பாடுவாங்க. ஸ்டூடியோவிலே சிஷ்யர் ரெண்டு பேர். வெளியிலே எத்தனை ஆயிரம் பேர் அடுப்பங்கரையிலே நின்னு கூடப் பாடினாங்களோ, யாருக்குத் தெரியும்? எங்க அம்மா பாடினாங்க. அது எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு. காலையிலே நிலையம் திறந்ததும் ஒரு அடையாள இசை வரும். தம்புரா மேலே வயலின், ஞாபகம் இருக்கா? அரங்கத்திலே தலை ஆடுது. நரைச்ச தலைதான் ஆடுது, பரவாயில்லை. (சிரிப்பு) அந்த இசையை அமைச்சது யார் தெரியுமா? வால்ட்டர் காஃப்மன். செக் நாட்டிலே பிறந்த யூதர். ஹிட்லர் காலத்திலே ஐரோப்பாவை விட்டுட்டு 1934லே பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். இங்கே வந்து வானொலியிலே வேலை பார்த்தார். வீடு இழந்து வந்த ஒரு மனுஷன் போட்ட மெட்டிலேதான் நம்ம வீடுகள் எல்லாம் அம்பது வருஷம் கண் முழிச்சுது. அதுக்குப் பின்னாலே மங்கள இசை, நாகஸ்வரம். ஏழேகாலுக்கு டில்லியிலே இருந்து செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி. பால்காரர் வர்றதும் அந்தக் குரலும் ஒண்ணு.

சங்கீதக்காரங்களுக்கு என்ன கிடைச்சுது? அதையும் சொல்லணும். 'நிலைய வித்துவான்'னு ஒரு வார்த்தையே தமிழுக்கு வந்தது. பக்கவாத்தியம் வாசிக்கிறவர், கல்யாண சீசனை மட்டும் நம்பிக்கிட்டு ஆடி மாசம் வந்தா என்ன செய்யறதுன்னு தெரியாம இருந்தவர், மாசச் சம்பளம் வாங்கினார். எஸ். ராஜம் மாதிரி ஒருத்தர், சங்கீதமும் தெரியும், ஓவியமும் தெரியும், சென்னை நிலையத்திலே வருஷக்கணக்கா உட்கார்ந்து வேலை பார்த்தார். செம்மங்குடி சீனிவாச ஐயர் மாதிரி மேதைகளே 1950களின் கடைசியிலே நிலையத்திலே பொறுப்பிலே இருந்தாங்க. பாலமுரளிகிருஷ்ணா விஜயவாடா நிலையத்திலே இருந்தப்போ 'பக்தி ரஞ்சனி' நடத்தினார். விடியற்காலையிலே பக்திப் பாட்டுக் கேட்கிற பழக்கமே ஆந்திராவிலே அப்படித்தான் ஊறிச்சுன்னு சொல்வாங்க.

நடுவர்: நீங்க வானொலியைப் பத்தி நல்லதா மட்டும் சொல்லிக்கிட்டே போறீங்க. எதிரணிக்காரர் கேஸ்கரைப் பத்திக் கேட்டாரே, அதுக்கு என்ன பதில்?

வர்றேன் அய்யா. ஓடி ஒளியமாட்டேன். அதுதான் இந்தத் தலைப்பிலே இருக்கிற கஷ்டமான இடம்.

முதல்லே சின்னத் தப்புகள். 1940லே இருந்து முப்பது வருஷம் வானொலியிலே ஆர்மோனியத்துக்குத் தடை. நம்ம ராகத்திலே இருக்கிற கமகம் அந்தக் கட்டையிலே வராதுன்னு காரணம் சொன்னாங்க. காரணத்திலே நியாயம் கொஞ்சம் இருக்கு. ஆனா அதை வச்சுப் பிழைச்சவன் வயித்துக்கு என்ன பதில்? 1940களிலே இன்னொரு உத்தரவு: சொந்த வாழ்க்கை ஊர் வாயிலே விழுந்த பெண்களைப் பாட விடக்கூடாதுன்னு. வடநாட்டிலே பரம்பரை பரம்பரையா சங்கீதத்தைக் காப்பாத்தின பாடகிகளைத்தான் அது அடிச்சுது. ஆம்பிளைகள் சொந்த வாழ்க்கையை எவனும் விசாரிக்கலை. எங்க அணிக்கு இது அசிங்கம்தான், ஒத்துக்கிறேன். தமிழ்ப் பாட்டுக்கு நேரம் போதலைங்கிற குறை வேற. 1941லே சிதம்பரம் அண்ணாமலை நகரிலே தமிழிசை மாநாடு, 1943லே சென்னையிலே தமிழ் இசைச் சங்கம். அந்த இயக்கக்காரங்க சபாக்களைக் கேட்ட அதே கேள்வியை வானொலியையும் கேட்டாங்க. கேட்டது சரி.

இப்போ கேஸ்கர். பி.வி. கேஸ்கர், 1952லே இருந்து 1962 வரைக்கும் தகவல் ஒலிபரப்பு மந்திரி. சாஸ்திரிய சங்கீதத்து மேலே உயிரையே வச்சிருந்தார். அதுதான் வினை! வானொலியிலே சங்கீத நேரத்திலே பாதி சாஸ்திரிய சங்கீதமா இருக்கணும்னார். சினிமாப் பாட்டைக் குறைச்சார், குறைச்சார், படத்தின் பேரைக் கூடச் சொல்லக்கூடாதுன்னார். தயாரிப்பாளருங்களுக்குக் கோபம் வந்து பாட்டையே தரமாட்டோம்னுட்டாங்க. ஆக, இந்திய வானொலியிலே சினிமாப் பாட்டே இல்லை. ஜனங்க என்ன செஞ்சாங்க? திருத்திக்கிட்டாங்களா? காதைத் தீட்டிக்கிட்டு கல்யாணி கேட்டாங்களா? குமிழைத் திருகினாங்க! இலங்கை வானொலி! (கைதட்டல்)

1952லே கொழும்பிலே இருந்து பினாகா கீத்மாலா ஆரம்பிச்சது. அமீன் சயானி குரலுக்கு வடநாடே கட்டுப்பட்டுக் கிடந்தது. நம்ம பக்கத்திலே மயில்வாகனனார் தமிழ். கடல் தாண்டி வந்தாலும் பக்கத்து வீட்டிலே இருந்து வர்ற மாதிரி கேட்கும். கடைசியிலே சர்க்கார் தோத்துப் போய் 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவிதபாரதியை ஆரம்பிச்சுது. எதிரணி நண்பர் இதைத்தான் சொன்னார், 'உங்க ரேடியோ ரசிகனை வளர்க்கலை, இலங்கைக்கு விரட்டிச்சு'ன்னு.

நண்பரே, பாதி உண்மை. ஊட்டினா பிள்ளை சாப்பிடும். வாயைப் பிளந்து திணிச்சா துப்பும். கேஸ்கர் திணிச்சார். ஆனா அவர் திணிச்சதோட நிறுத்தலையே! 1952 ஜூலை 20லே 'சங்கீத தேசிய நிகழ்ச்சி' ஆரம்பிச்சாங்க. சனிக்கிழமை ராத்திரி ஒண்ணரை மணி நேரம், எல்லா நிலையமும் ஒரே சமயத்திலே. ஒரு வாரம் கர்நாடகம் வந்தா இன்னொரு வாரம் இந்துஸ்தானி. அரியக்குடியை லக்னோவிலே கேட்டான். படே குலாம் அலி கானை மன்னார்குடியிலே கேட்டோம். எங்க அம்மா முதல்லே, 'என்ன இவர், ஒரே வரியை ஒரு மணி நேரமாப் பாடறார், அடுத்த வரி மறந்து போச்சா?'ன்னாங்க. (சிரிப்பு) ஒரு வருஷம் கழிச்சு அவங்களே, 'இது நம்ம மோகனம்டி, அவங்க வேற பேர் சொல்றாங்க'ன்னாங்க. பூபாளியைத்தான் சொன்னாங்க. எந்த சபாக்காரர் வந்து மன்னார்குடி அடுப்படியிலே இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்?

அதே 1952லே குரல் தேர்வு முறையும் வந்தது. பாடறவர் யாருன்னு நடுவர்களுக்குத் தெரியாது. பேர் தெரியாது, ஊர் தெரியாது, யாரோட மாப்பிள்ளைன்னு தெரியாது. பாட்டு மட்டும்தான் காதிலே விழும். பெரிய வித்துவான்கள் சிலருக்கு, 'எனக்கே பரீட்சையா'ன்னு கோபம். இருக்கட்டும். சிபாரிசுக் கடிதம் இல்லாத ஏழைப் பையனுக்கு, சின்ன ஊர்ப் பொண்ணுக்கு, அதுதான் கதவு. 'வானொலி ஏ கிரேடு'ன்னு கச்சேரி நோட்டீசிலே இன்னிக்கும் போடறாங்களே, எதிரணி நண்பர்களே, அந்த நோட்டீசை அடிக்கிறது உங்க சபாதான்! எங்க முத்திரையைப் பார்த்துட்டுத்தான் நீங்க மேடை கொடுக்கறீங்க. (கைதட்டல்)

கேஸ்கர் செஞ்ச தப்புக்கு வானொலியே பின்னாலே ஒரு பரிகாரம் கண்டுபிடிச்சுது. விவிதபாரதியிலே 'சங்கீத் சரிதா'ன்னு ஒரு நிகழ்ச்சி, கால் மணி நேரம். ஒரு ராகத்தைப் பத்திச் சொல்லுவாங்க. அந்த ராகத்திலே வந்த சினிமாப் பாட்டு ஒண்ணைப் போடுவாங்க. அப்புறம் அதே ராகத்திலே ஒரு வித்துவான் பாடினது. தெரிஞ்ச பாட்டு வழியா கையைப் பிடிச்சுத் தெரியாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போறது. கேஸ்கர் எந்தக் கதவை அடைச்சாரோ, அதே கதவு வழியாத்தான் ஜனம் உள்ளே வந்தது.

நம்ம ஊர்க்காரனுக்கு இது புதுசும் இல்லை. 1944லே 'ஹரிதாஸ்' படம் வந்து மூணு தீபாவளி ஒரே தியேட்டரிலே ஓடிச்சு. அதிலே பாகவதர் பாடினதை வீதியிலே பாடினவனுக்கு அது சாருகேசின்னு தெரியாது. ஆனா சாருகேசி தெரியும். 1985லே 'சிந்து பைரவி' வந்தப்போ பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலே ராகத்தைப் பத்தி வாக்குவாதம் நடந்ததை நானே பார்த்தேன்.

நடுவர்: சினிமாவை இழுக்காதீங்க. அது வேற பட்டிமன்றம்.

சரி அய்யா, நேரா முடிவுக்கு வர்றேன். வானலைங்கிறது வானொலிப் பெட்டி மட்டும் இல்லை. காத்து வழியா வீட்டுக்கு வர்ற எல்லாமே எங்க அணிதான்.

ரசிகர்கள் வீட்டிலே ஸ்பூல் டேப் வாங்கி, ரேடியோ முன்னாலே மைக்கை வச்சுக் கச்சேரியைப் பதிவு பண்ணாங்க. குறுக்கே நாய் குரைக்கும், குழந்தை அழும், குக்கர் கத்தும். சில மேதைகளோட அருமையான கச்சேரி அந்த நாய் குரைப்போடதான் நமக்குக் கிடைச்சிருக்கு. அந்த டேப்பை எல்லாம் பின்னாலே கணினியிலே ஏத்தி, காசு வாங்காம உலகத்துக்குக் கொடுத்தவங்க இருக்காங்க. அவங்களுக்கு எந்த சபாவும் பட்டம் கொடுத்ததா நான் கேள்விப்படலை.

துக்கமான கதை ஒண்ணும் உண்டு. 2000க்குப் பின்னாலே வேர்ல்ட்ஸ்பேஸ்னு செயற்கைக்கோள் ரேடியோ வந்தது. சந்தா கட்டணும். அதிலே 'ஸ்ருதி'ன்னு ஒரு அலைவரிசை, நாள் முழுக்கக் கர்நாடக சங்கீதம். விளம்பரம் கிடையாது. இந்தியாவிலே எத்தனை பெரியவங்களுக்கு அது துணையா இருந்தது! அமெரிக்காவிலே அந்தக் கம்பெனி நொடிச்சுப் போய் 2008லே திவால் மனு போட்டுது. 2009 டிசம்பர் 31ஆம் தேதியோட இந்தியாவிலே நிறுத்திட்டாங்க. மார்கழி மாசம் பாருங்க! சபாவிலே சீசன் நடக்கிற நேரத்திலே, சபாவுக்குப் போக முடியாதவனோட கச்சேரி நின்னு போச்சு. கம்பெனியை மட்டும் நம்பி சங்கீதத்தைக் கொடுத்தா இந்த ஆபத்து உண்டு. அதனாலேதான் சர்க்கார் வானொலி என்ன குறை இருந்தாலும் வேணும்கிறேன். 2016 ஜனவரி 26லே வானொலி பெங்களூரிலே இருந்து 'ராகம்'னு இருபத்து நாலு மணி நேர சாஸ்திரிய அலைவரிசையை ஆரம்பிச்சப்போ, 'கொஞ்சம் லேட்டுய்யா'ன்னு தோணுச்சு. ஆனாலும் சந்தோஷம்.

இப்போ கைபேசி. எதிரணியிலே கடைசியா ஒரு வாதம் வச்சாங்க: 'கைபேசியிலே அரை நிமிஷம் கேட்டுட்டுத் தள்ளிடறான், அவன் ரசிகனா?'ன்னு. நல்ல கேள்வி. எனக்கும் அந்தக் கவலை உண்டு. ரேடியோ நாம கேட்காததைக் கொடுத்தது. கைபேசி நாம நேத்து கேட்டதையே இன்னிக்கும் கொடுக்குது. நேத்து மோகனம் கேட்டியா, இந்தா இன்னொரு மோகனம். முகாரியை அது எப்போ நமக்கு அறிமுகப்படுத்தும்? அந்த அறிவிப்பாளர் வேலையை இப்போ யாரோ செய்யணும். செய்யறவங்களும் இருக்காங்க, பாடறவங்களே கேமரா முன்னாலே உட்கார்ந்து, 'இது தோடி, இந்த இடத்தைக் கவனிங்க'ன்னு பத்து நிமிஷம் சொல்லிக் கொடுக்கிறாங்க. அது எங்க பழைய 'இசைப் பயிற்சி'தான், முகத்தோட வருது.

2020ஐ மறந்துட்டீங்களா நண்பர்களே? கொரோனா. மார்ச்சிலே கதவு அடைச்சீங்க. டிசம்பர் வந்தது. கேன்டீன் இல்லை, ரவா தோசை இல்லை. (சிரிப்பு) சபாக்கள் எல்லாம் என்ன செஞ்சுது? தொண்ணூறு வருஷத்துக்கு மேலே ஆன அகாடமி உட்பட, கச்சேரியைப் பதிவு பண்ணி இணையத்திலே விட்டுது. சபாக்களோட கூட்டமைப்பே ஒண்ணாச் சேர்ந்து டிக்கெட் போட்டு ஒளிபரப்பிச்சு. காலி ஹாலிலே, எதிரே ஆள் இல்லாம, கைதட்டல் இல்லாம வித்துவான்கள் பாடினாங்க. 1930லே ரிப்பன் கட்டடத்திலே பாடினவங்களும் அப்படித்தான் பாடியிருப்பாங்க, கேட்கிறவன் முகம் தெரியாம! கஷ்டம் வந்தப்போ சபாவே வானலையா மாறித்தானே பிழைச்சது?

(நீண்ட கைதட்டல்)

நடுவர்: மணி அடிச்சாச்சும்மா.

ஒரே நிமிஷம் அய்யா. அந்த 2020 டிசம்பரிலே எங்க அம்மாவுக்கு எண்பதை நெருங்கின வயசு. என் மகன் டிக்கெட் வாங்கி, டி.வி. பெட்டியிலே இணையத்தை மாட்டி, சோபாவிலே முன்னாலே உட்கார வச்சான். 'பாட்டி, நீ இப்போ சபாவிலே முதல் வரிசையிலே இருக்கே'ன்னான். பாடகி ஆலாபனை ஆரம்பிச்சாங்க. யாரும் ராகம் சொல்லலை, திரையிலேயும் எழுதலை. பையன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். எங்க அம்மா கண்ணை மூடிக்கிட்டே, அந்தப் பழைய அறிவிப்பாளர் மாதிரியே, 'ராகம் முகாரி'ன்னாங்க.